தகரத்தை ஒளித்த நாள்

கொழும்புத்துறையில் கடலோரம் எங்கள் வீடு. அண்ணைக்கு அப்போது முப்பது வயது; பேச்சு வராது. மனம் குழம்பினால் சுவரில் தலையை இடிப்பார். ஊருக்கு வந்த தாதி ஒருவர் பிஸ்கற் தகரமொன்றை அவர் கையில் கொடுத்து, "அவர் தட்டினால் நீங்களும் அப்பிடியே திருப்பித் தட்டுங்கோ" என்றார். அண்ணை எப்போதும் மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டுவார். நான் பதில் தட்டத் தட்ட, சில மாதங்களில் தலை இடிப்பது நின்றது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வெட்கப்பட்டு அந்தத் தகரத்தை வலைக் குவியலுக்குள் ஒளித்துவிட்டேன். தேநீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அண்ணையைக் காணவில்லை. படலை திறந்து கிடந்தது.

கரைக்கு ஓடினால், அவர் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, வள்ளங்கள் போகும் ஆழமான வாய்க்கால். எங்களைப் பெற்ற ஐயா கடலில் இறங்கப் போனார்.

"துரத்தாதேங்கோ ஐயா, இன்னும் ஓடுவார்!" என்று கத்தினேன்.

வீட்டுக்கு ஓடித் தகரத்தை எடுத்துவந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கரையில் நின்று பார்க்க, மூன்று தட்டினேன், பிறகு இரண்டு. அவர் நிற்கவில்லை. இன்னும் பலமாக மறுபடி தட்டினேன்.

நெஞ்சளவு நீரில் நின்றார். உள்ளங்கையால் தண்ணீரில் அறைந்தார். மூன்று. பிறகு இரண்டு. நான் தட்டத் தட்ட, பதில் சொல்லிக்கொண்டே கரைக்கு வந்தார்.

இப்போது தகரம் முன் விறாந்தையில், வருவோர் கண்ணில் படும்படிதான் இருக்கிறது. "உதென்ன சத்தம்?" என்று யார் கேட்டாலும், "அண்ணை கதைக்கிறார்" என்று சொல்லி, முதலில் அவருக்குத்தான் பதில் தட்டுகிறேன்.