கோதாவில் விழுந்த துண்டு

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் வைகை மணலில் குஸ்திக்கு இடம் பார்ப்பார்கள். நான் அதை முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்தபோது. அப்போது கொட்டகை கிடையாது. நாலு சவுக்குக் கம்பம் நட்டு, சுற்றிலும் சாக்குத் திரை கட்டி, நடுவில் சலித்த செம்மண்ணைக் கொட்டிக் கோதா அமைத்திருந்தார்கள். பயில்வான்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். ஒருவனை ஒருவன் மல்லாக்கத் தள்ளிவிட்டு, இருவரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.

பிறகு மாட்டுச் சந்தையில் தரகு பார்த்துவந்த ஒருவர் அந்தக் குஸ்தியைக் குத்தகைக்கு எடுத்தார். கொட்டகை வந்தது, டிக்கெட் வந்தது. பஞ்சாபிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் ரயிலில் பயில்வான்கள் வந்தார்கள். குதிரை வண்டியில் பேண்டு வாசித்துக்கொண்டே தெருத் தெருவாக நோட்டீசு வீசினார்கள். கோச்சடையில் எங்கள் வீட்டு வாசல்வரை அந்த வண்டி வரும்.

துண்டு வீசுகிற வழக்கம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நம் ஊர்க்காரன் ஒருவன் வடக்கத்திப் பயில்வானைத் தூக்கிப் போட்ட அன்று, சந்தோஷம் தாங்காமல் யாரோ தோளில் கிடந்த துண்டைக் கோதாவுக்குள் எறிந்திருக்கிறார்கள். அதன் பிறகு நல்ல பிடி ஒன்று விழுந்தால் போதும், கொக்குக் கூட்டம் இறங்குவதுபோல் துண்டுகள் பறந்து வந்து விழும். ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் குவித்துப் போடுவார்கள். மறுநாள் ஊரில் பாதிப் பேர் அடுத்தவன் துண்டோடு திரிவார்கள்.

யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. விளக்குக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் பொழுது சாய்வதற்குள் குஸ்தியை முடித்துவிடுவார்கள். அந்த வருஷங்களில் ஒன்றில்தான் என் மகன் கோதாவில் இறங்கினான்.

எனக்கு அதில் சம்மதம் கிடையாது. திருமங்கலத்தில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை எனக்கு. படித்து என் மாதிரி ஒரு நாற்காலியில் அவன் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அவன் வயலைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, விடியற்காலையில் தண்டால் எடுக்கப் போய்விடுவான். அவன் பழகுகிற இடத்துக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. அதைப் பற்றி அவனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதும் இல்லை. அவன் தோள் அகல அகல எனக்குப் பயம்தான் வளர்ந்தது.

அவனுக்கு ஜோடியாகக் கோலாப்பூர்ப் பயில்வான் ஒருவனைப் போட்டிருப்பதாக நோட்டீசு வந்ததும் என் மனைவி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

“நீங்க போயி முன்னால உக்காருங்க. அவனப் பெத்தவுக அங்க இருக்காகன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறும்” என்றாள்.

நெசவாளர் தெருவில் எனக்காகச் சொல்லி நெய்து வாங்கிய, பச்சைக் கரை போட்ட துண்டை எடுத்துக் கொடுத்தாள். குஸ்தி அன்று நான் திருமங்கலத்திலிருந்து கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில், ஏற்றம் வந்த இடத்தில் இறங்கித் தள்ளி, ஒருவழியாகக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குஸ்திக்கு மத்தியஸ்தராக இருந்தவர் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவர். முந்தின வருஷம் ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்ததால் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார். பட்டாளத்தில் குத்துச் சண்டைக்கு உள்ள விதியாம். என்னை முன் வரிசையில் உட்காரவைத்து விளக்கினார். “பையனுக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா துண்ட உள்ள வீசுங்க. நான் உடனே நிப்பாட்டிருவேன்.”

எனக்குப் பாதி உயிர் வந்தது. இந்த ஊரில் துண்டு வேறு எதற்காகப் பறக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் இருவருக்குமே அது ஞாபகம் வரவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் இருவரும் தோளோடு தோள் முட்டிச் சுற்றிவந்தார்கள். என் பின்னால் ஒருவன், “மாப்ள, வடக்கத்தியான் வயித்தப் பாத்தியா, குதிரு கணக்கா இருக்கு” என்றான். “உள்ள நெல்லு இல்லடா, நெய்யி” என்றான் பக்கத்தில் இருந்தவன். அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் மகன் குனிந்து அந்தப் பெரிய உடம்பை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டான். கொட்டகையே எழுந்து நின்றது. துண்டுகள் பறந்தன.

ஆனால் விழும்போதே அந்த ஆள் புரண்டுவிட்டான். என்ன செய்தான் என்று தெரியவில்லை. அடுத்த நொடி என் மகன் குப்புறக் கிடந்தான். அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் மேல்நோக்கி வளைந்துகொண்டிருந்தது. தாங்க முடியாதவன் மண்ணைத் தட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. அவன் இடது கை உயர்ந்தது. தட்டிவிடுவான் என்று நினைத்தேன். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. என் துண்டை எடுத்து வீசினேன்.

அது நேராக அவன் முகத்துக்கு முன்னால் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். உயர்ந்த கை தட்டவில்லை. துண்டை இறுகப் பற்றிக்கொண்டது. மத்தியஸ்தர் குனிந்து, மற்றத் துண்டுகளைக் காலில் சிக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். கொட்டகை முழுவதும் கத்திக்கொண்டிருந்தது. பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை தோளுக்கு மேல் எழவில்லை. துண்டைப் பிடித்தது வலியில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தத் துண்டை அவன் தன் கட்டில் காலில் கட்டிவைத்திருந்தான். நானும் கேட்கவில்லை.

மறு வருஷம் பங்குனியில் குத்தகைக்காரர் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, தம்பிய இந்த வருசமும் கோதாவுல எறக்கி விடுங்க. சனம் கேக்குது” என்றார்.

“அவனுக்குக் கையத் தூக்க வரல. ஒரு கைய வச்சுக்கிட்டு என்ன குஸ்தி?” என்றேன்.

“ஒத்தக்கைப் பயில்வான்னு நோட்டீசு அடிச்சா அம்புட்டுச் சனமும் திரண்டு வந்துரும். ரெண்டு கையோட வாரவன ஊரே பாத்துச் சலிச்சிருச்சுண்ணே.”

உள்ளேயிருந்து என் மகன் வந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

“வாரேன்ணே. எங்கப்பா முன்னால வந்து உக்காந்தாப் போதும், எனக்கு ஒரு கை போதும். போன வருசம் வலி தாங்காம மண்ணத் தட்டத்தான் போனேன். அப்பத்தான் இவுக துண்டு வந்து விழுந்துச்சு. பச்சைக் கரையப் பாத்ததும் விட்டுக்குடுக்க மனசு வரல. பெறந்ததுலருந்து ஒரு சபாசு சொல்லாத மனுசன், துண்டு வீசிட்டாரு. பெறகு எப்படித் தட்டுறது?”

குத்தகைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். மாட்டேன் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவன் போய்விடுவான். இன்னொரு கையும் போகும், இல்லையென்றால் கழுத்து. அவனை நிறுத்த என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“அது சபாசு இல்லப்பா. ஆட்டத்த நிப்பாட்டச் சொல்லி வீசுனது” என்றேன். மத்தியஸ்தர் சொன்ன விதியையும் சொன்னேன்.

என் மகன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“நான் செயிப்பேன்னு நெனைக்கவே இல்லையா?” என்று கேட்டான்.

“ஒன்னய உசுரோட கூட்டிட்டுப் போகணும்னுதான் நெனச்சேன்.”

தலையாட்டினான். உள்ளே போய்விட்டான். எதற்கும் ஒரு பகடி வைத்திருக்கும் குத்தகைக்காரர் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன்ணே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் நான் கச்சேரியிலிருந்து வந்தபோது பச்சைக் கரைத் துண்டு துவைத்து, என் வேட்டிக்குப் பக்கத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் அவன் கோதாவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. குஸ்தி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்றுக்கூட நோட்டீசு வண்டி வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் கையை வாய்க்கு உயர்த்துவதில்லை, குனிந்து வாயைக் கைக்குக் கொண்டுபோகிறான். பேண்டுச் சத்தம் வாசலுக்கு வந்தபோது அப்படியே குனிந்தபடி இருந்தான். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், “தொறந்தே கெடக்கட்டும்ப்பா” என்றான்.