ஈயம் அடைத்த வாய்

கோட்டைப்பட்டினத்தில் அந்தப் பொறியைப் பார்த்தபோது என்னிடம் ஒன்பது பொறிகள் இருந்தன. காசு போட்டால் எடைச்சீட்டுத் தருவது, பாட்டுப் பாடுவது, இரும்புக் கொக்கியால் மிட்டாய் எடுப்பது என எல்லாம் வல்லத்திராக்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் நின்றன. உருண்டை ஓடும் பொறி மட்டும் கிட்டவில்லை. பழைய இரும்புக் கடைகளிலும் மூடிய திரையரங்குகளிலும் பல ஆண்டுகள் அதைத் தேடியிருக்கிறேன்.

அது சுவரில் மாட்டும் தேக்குப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் நத்தை ஓட்டைப் போல் சுருண்ட பித்தளைத் தடம். காசைப் போட்டு விசையைச் சுண்டினால், எஃகு உருண்டை தடத்தைச் சுற்றிவந்து கீழுள்ள ஏழு கிண்ணங்களில் ஒன்றில் விழும். நடுக்கிண்ணத்தில் விழுந்தால் போட்ட காசு இருமடங்காகத் திரும்பும். அந்தக் காசு வெளிவர வேண்டிய வாயில்தான் ஈயம் காய்ச்சி ஊற்றியிருந்தது.

பொறி இருந்த வீட்டின் அம்மாவுக்கு அறுபதைக் கடந்த வயது. பினாங்கிலிருந்து பொறியைக் கொண்டுவந்து தம் தேநீர்க் கடையில் மாட்டிய கணவர் காலமாகிவிட்டார்; கடையும் இல்லை.

"மாட்டுன மூணாம் நாளே பள்ளிவாசல் அசரத்து வந்து, 'இது சூதாட்டமால்ல இருக்கு'ன்னுட்டாரு. அன்னைக்கே எங்க வீட்டுக்காரவுக அந்த வாய அடைச்சுப்புட்டாக" என்றார்.

"பெறகு யாரு வெளையாடுனாங்க?"

"ஊரே வெளையாடுச்சு தம்பி! காசு போட்டவுகளுக்கெல்லாம் ஒரு டீ. செயிச்சாலும் டீதான், தோத்தாலும் டீதான்."

ஆனால் ஊரார் விடவில்லையாம். நடுக்கிண்ணத்தில் விழுந்தால் செயிச்ச டீ, மற்றவற்றில் விழுந்தால் தோத்த டீ என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே கெண்டியிலிருந்து ஊற்றினாலும் சண்டை வந்தது.

"'என்ன பாய், சீனியே இல்ல, தோத்த டீய எங்கிட்டத் தள்ளிட்டீங்களா?'ம்பாக. அவுகளும் சளைக்க மாட்டாக. 'தோத்த வாய்க்குச் சீனி தெரியாதுல்ல'ம்பாக."

சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். டப்பாவிலிருந்து பழைய ஐம்பது காசு ஒன்றை எடுத்துக் கொடுத்து என்னை விளையாடச் சொன்னார். உருண்டை நடுக்கிண்ணத்தில் விழுந்தது. உள்ளே காசுகள் உருண்டு வந்து ஈயத்தில் மோதி நின்ற ஒலியை நான் வேறெந்தப் பொறியிலும் கேட்டதில்லை.

மகன் குவைத்திலிருந்து வந்து வீட்டை இடித்துக் கட்டப்போகிறார் என்றும், விலை ஏதும் வேண்டாம், வைத்துப் பார்ப்பவர் கைக்குப் போனால் போதும் என்றும் சொன்னார். பெட்டியின் நீள அகலத்தை நூலால் அளந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. அந்த ஈயத்தத் தொறக்க மாட்டீங்கள்ல?"

பொறிகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரே நெறிதான் இருந்தது. பட்டறையிலிருந்து எவ்வாறு வெளிவந்ததோ அவ்வாறே அது நிற்க வேண்டும். பிறர் பூசிய வண்ணத்தைச் சுரண்டியிருக்கிறேன். பிறர் அடித்த ஆணியைப் பிடுங்கியிருக்கிறேன். அந்த ஈயத்தைப் பார்த்த கணத்திலேயே என் விரல்கள் அதை உருக்கத் தொடங்கியிருந்தன.

"தொறக்காம இருக்க என்னால ஆகாதும்மா" என்றேன்.

அவர் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"அவுக அல்லாவுக்குப் பயந்து அடைச்சது தம்பி. அப்ப இது இங்கிட்டே கெடக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்ல? இந்நேரம் வண்டில ஏத்தியிருப்பீங்க."

வெறுங்கையோடு ஊர் திரும்பி, பின்கட்டில் என் ஒன்பது பொறிகளையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தேன். எல்லாம் பழுதின்றி ஓடின. பட்டறையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே இருந்தன. எதன் முன்னால் யார் நின்றார், யார் யாரோடு சண்டையிட்டார் என்பதற்கு எதிலும் அடையாளம் இல்லை. அடையாளங்களைச் சுரண்டியவன் நான்தான். பொறிகளைத் தேடிப் போவதை ஓராண்டு நிறுத்திவைத்தேன். உறங்கி எழும்போதெல்லாம் ஈயத்தில் காசு மோதும் ஒலி காதில் கிடந்தது. திறக்க மாட்டேன் என்று ஒருநாள் எனக்கே தெளிவாயிற்று. அதை அந்த அம்மாவிடம் சொல்லிவிடப் பேருந்து ஏறினேன்.

புது வீடு எழும்பியிருந்தது. கூடத்துச் சுவரில் இடுப்புயரத்தைத் தாண்டியும் பளபளக்கும் டைல்ஸ். நடுவில் மட்டும் ஒரு பெட்டி அளவுக்கு வெறும் பூச்சு விட்டு, அதில் பொறியை மாட்டியிருந்தார்கள். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"நல்லா இருக்கா தம்பி? மகன் சண்டைக்கே வந்துட்டான். நான் விடலையே."

"நல்லா இருக்கும்மா."

"ஒண்ணும் கேக்கலையா?"

"பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

திரும்பும் பேருந்தில் அறந்தாங்கி வரும்வரை, 'திறக்க மாட்டேன்' என்பதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது மெய்யாகவே இருந்தது.