நடுவில் ஒரு கறுப்பு அட்டை

துணியில் வரைந்த ஏரிக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, ஏரிக்கரையில் எடுத்த படம் போலவே இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பதுதான் எங்கள் தொழில்.

நான் நாளிதழில் வேலை பார்த்தவன். அங்கே படத்திலிருந்து ஆட்களை வெட்டி எடுப்பது வழக்கம். திறப்பு விழாப் படத்தில் ஓரமாக நிற்பவருக்குப் பத்தியில் இடம் இருக்காது. நாளிதழை விட்ட பிறகு, ஜார்ஜ் டவுனில் நண்பர் ஆ லியோங் நடத்தும் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். இங்கே வேலை நேர்மாறு. இல்லாததைச் சேர்க்க வேண்டும், அதுவும் புகைப்படக்கலை தொடங்கிய காலத்து முறையில். பெரிய மரக் கேமரா, சாயம் பூசிய துணிகள், ஒவ்வொரு தாளாகச் செருகும் பிலிம். கணினிக்கு வேலை இல்லை. சுற்றுப்பயணிகளை நம்பித் தொடங்கிய கடைதான். ஆனால் வருபவர்களில் பாதிப் பேர் அக்கரையிலிருந்து கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வருகிற நம் ஆட்கள். கேமராவை ஆ லியோங் பார்த்துக்கொள்வார். வாடிக்கையாளரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு, இதில் எது கஷ்டமான வேலை என்று விளக்கத் தேவையில்லை.

பூவைத் தின்ற போன்

தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். வந்ததும் வராததுமாக, இதையெல்லாம் போனிலேயே இரண்டு நொடியில் செய்துவிடலாமே, எதற்குத் துணி, எதற்கு மரப்பெட்டி என்று கேட்டார். உண்மைதான் என்றேன். இந்தக் கேள்விக்கு உண்மைதான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. பிறகு எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் நான் கேட்பதில்லை. அதை அவர்களாகவே சொல்வார்கள்.

இங்கே மனைவி சொன்னார். கல்யாண நாளன்று எடுத்த படத்தில் கணவர் போனிலேயே பின்னணியை மாற்றிப் பனிமலை வைத்திருக்கிறார். அந்த அம்மா தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தையும் பின்னணி என்று நினைத்து போன் அழித்துவிட்டது. கணவர் அதைக் கவனிக்காமல் உறவினர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். "கல்யாண நாளும் அதுவுமா தலையில பூவைக் காணோம். எங்க அம்மா ஊர்லேருந்து போன் போட்டு, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குறாங்கண்ணே!"

ஏறுகிற ரயில்

ஊரிலுள்ள கொடிமலையில் ஏறி இறங்கும் ரயில் எங்களிடம் பலகைப் படமாக இருக்கிறது. ஜன்னல் மட்டும் வெட்டியிருக்கும். பின்னால் உட்கார்ந்து ஜன்னலில் முகம் காட்டினால் மலையில் ரயில் போகிற மாதிரி படம் வரும். புதிதாகக் கடை திறக்கப்போகும் ஒருவர், கடைச் சுவரில் மாட்ட அந்தப் படம்தான் வேண்டும் என்று மனைவியோடு வந்தார். உட்காரும் முன் ஒரு சந்தேகம் கேட்டார். இது மலை ஏறுகிற ரயிலா, இறங்குகிற ரயிலா?

பலகையை வரைந்த ஆ லியோங்கிடம் கேட்டேன். இரண்டு முனையும் ஒரே மாதிரிதானே, அதற்கு என்ன என்றார். வாடிக்கையாளர் விடவில்லை. புதுக் கடையில் இறங்குகிற ரயிலை மாட்டுவதற்கு அவர் தயாராக இல்லை. கடைசியில் அவர் முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தோம். ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எதிர் இருக்கையில் அவரைப் பார்த்தபடி மனைவி. அதைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். "நான் மேல போறேன், இவ கீழ போறான்னா எப்படிலா? ரெண்டு பேரையும் ஒரே பக்கம் பார்க்க வைங்க. நாளைக்கு வியாபாரம் படுத்தா என்னைத்தான் சொல்வா."

கணக்கில் வராத படம்

ருக்குமணியம்மா அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து டாக்சியில் தனியாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே இரண்டு மகன்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும் என்றார்.

விஷயம் இதுதான். அவர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து, இனிமேல் தனியாக இருக்கக்கூடாது என்று இரண்டு மகன்களும் பிடிவாதம். மூத்தவர் சேகரன், ஜுருவில் பழைய காடி, அதாவது கார், வாங்கி விற்கிறார். இளையவர் குமரன், சிம்பாங் அம்பாட்டில் டயர் கடை. என் வீட்டுக்கு வா என்று இருவரும் கூப்பிடுகிறார்கள். ஆனால் அப்பா இறந்த பிறகு, அவர் கடையின் பெயர்ப்பலகை யாருக்கு என்பதில் சண்டை வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் வீட்டில் மற்றவரின் படம் கூடக் கிடையாது. இருந்ததையும் கழற்றிவிட்டார்கள். ஆகவே அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மகன்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் எந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, அந்த வீட்டுக்குத்தான் வருவார்.

சின்ன வயதுப் படம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். "அரைக்கால் சட்டைப் படமெல்லாம் இருக்கு தம்பி. அப்ப சண்டை இல்ல. அது கணக்குல வராது" என்றார். இரண்டு படங்களையும் வெட்டி, ஏரித் துணியின் படத்தில் ஒட்டி, அதை மறுபடி படம் எடுப்பது ஒரு பழைய முறை. ஆனால் இவற்றில் ஒருவருக்கு வெளிச்சம் இடப்பக்கம், ஒருவருக்கு வலப்பக்கம். ஒரு தலை மற்றதைப்போல ஒன்றரை மடங்கு. அதைக் காட்டி விளக்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "ஒட்டுற வேலையே வேணாம். மழைக்காலம் வந்தா பிரிஞ்சுக்கும். ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காந்த படம் வேணும், ஆனா ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிடாதீங்க."

தூண் கேட்ட அண்ணன்

அதற்கும் ஒரு பழைய முறை உண்டு. லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு முதல் ஆளை எடுப்பது. பிறகு கேமராவை மயிரளவும் அசைக்காமல், அதே பிலிம் தாளில், அட்டையை மறுபாதிக்கு மாற்றி இரண்டாவது ஆளை எடுப்பது. ஒரே ஏரி, ஒரே தாள், இரண்டு வேளை. நடுவே கோடு விழாமல் இரண்டு பாதியும் மெல்லக் கலந்துகொள்ளும். காலையில் அண்ணன், மத்தியானம் தம்பி என்று ஏற்பாடு.

சேகரன் நேரத்துக்கு வந்தார். அம்மா ஏற்கெனவே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சேகரன் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். அவன் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். தள்ளினால் பாதி உடம்பு படத்துக்கு வெளியே போய்விடும் என்று ஆ லியோங் மலாயில் சொல்ல, அரை மனதோடு உட்கார்ந்தார். ஒரு தாள் எடுத்தோம். பத்திரத்துக்கு இன்னொரு தாள் எடுக்கலாம் என்று நாங்கள் திரும்புவதற்குள், ஜுருவில் காடி பார்க்க ஆள் காத்திருக்கிறார் என்று எழுந்துவிட்டார். வாசலில் நின்று, மூலையில் கிடந்த அட்டைத் தூணைக் காட்டி, "அதைத் தூக்கி நடுவுல வைங்கண்ணே. கோவில் மண்டபம் மாதிரி அழகா இருக்கும்" என்றார். அம்மா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "செவுரு வேணும்னா ரெண்டு பேரு வீட்டுலயும் நெறைய இருக்குடா."

நாற்காலி அளந்த தம்பி

மத்தியானம் வரை கடையைச் சாத்திவைத்தோம். கேமராவின் மூன்று கால்களையும் டேப்பால் தரையோடு ஒட்டியிருந்தார் ஆ லியோங். பக்கத்தில் நின்று நான் தும்மினால்கூட முறைத்தார். சேகரன் உட்கார்ந்தது அந்த ஒரு தாளில்தான். அது கெட்டால், அவரை மறுபடி பாலம் தாண்டி வரவைக்க யாராலும் முடியாது. உங்களில் யாராவது உடைந்துவிடக்கூடிய பொருளை விற்பவராக இருந்தால், அந்த மத்தியானச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும் என்று தெரியும்.

குமரன் வந்தார். அண்ணன் நாற்காலிக்கும் தன் நாற்காலிக்கும் ஒரே உயரமா என்று கேட்டார். ஒரே உயரம்தான் என்று சொல்லியும் நம்பாமல் கிட்டே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் வலது கை தானாகப் போய் அண்ணனின் காலி நாற்காலி முதுகில் படிந்தது. அங்கே வைக்கக்கூடாது, அந்தப் பக்கம் அட்டை மறைத்திருக்கிறது, கை பாதியில் காணாமல் போய்விடும் என்றேன். சரி என்று எடுத்து மடியில் வைத்தார்.

ஆ லியோங் மூடியைத் திறந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். "தாங்கான்! தாங்கான்!" கை, கை என்று மலாயில் அவர் கத்தியபோதுதான் பார்த்தேன். கை மறுபடி நாற்காலியில் இருந்தது. மூடியைப் போட்டாகிவிட்டது. அண்ணன் பதிந்த தாள் அது ஒன்றுதான். மறுபடி எடுக்க வழியில்லை. குமரன் தன் கையையே விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வைக்கலண்ணே. சின்னப் புள்ளயிலேருந்து போட்டோன்னா அவரு நாற்காலியிலதான் கை வப்பேன். அதுவாப் போயிருச்சு."

புகை விரல்

படம் கழுவி வந்தது. ஏரி அழகாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே கரையில், ஒரே வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குமரனின் மணிக்கட்டு வரை தெளிவு. அதற்கப்புறம் கை மெல்ல மெல்லக் கரைந்து, விரல்கள் புகை மாதிரி சேகரனின் தோளில் படிந்திருந்தன. காலையில் சேகரன் இருந்த இடத்தில் மத்தியானம் வெறும் நாற்காலிதான். படத்துக்கு அது தெரியாது.

சேகரனை வரவைக்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. கடைப்பக்கம் வேறு வேலையாக வந்தேன் என்று அவரே வந்தார். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இது அவன் கையா என்றார். ஆமாம் என்றேன். வேண்டாமென்றால் பிலிமில் மெல்லிய கத்தியால் சுரண்டி, தோளைச் சீராக்கிவிடலாம் என்றும் சொன்னேன். அவர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டார். "சுரண்ட வேணாம், இருக்கட்டும். ஆனா பார்க்குறவங்களுக்கு அவன்தான் வச்சான், நான் வைக்கலன்னு தெரியுதுல்ல?"

மறுநாள் குமரன் தன் பிரதியை வாங்க வந்தார். அண்ணன் பார்த்துவிட்டாரா என்று கேட்டார். பார்த்தார், கையை எடுக்க வேண்டாம் என்றார் என்றேன். குமரன் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். "தோள்ல கை போட்டும் தட்டி விடாம உக்காந்திருக்காரு, பாத்தீங்களாண்ணே? இதை நான் ஹால்லதான் மாட்டுவேன்."

இரண்டு காடி

நிபந்தனை இப்போது இரண்டு வீட்டிலும் நிறைவேறிவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், ருக்குமணியம்மாவின் அடுக்குமாடி வீட்டின் கீழே இரண்டு காடிகள் வந்து நின்றன. துணிப்பெட்டியைத் தூக்க இரண்டு மகன்களும் படியேறியிருக்கிறார்கள். இதையெல்லாம் அந்த அம்மா அடுத்த வாரம் கடைக்கு வந்து சொன்னார். சண்டை வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம். முதலில் யார் மாட்டியது என்று ஆரம்பித்தார்களாம். ஆரம்பித்ததில் மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள்.

பிறகு நீங்கள் எந்த வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, இரண்டு மகன்களும் படத்தைப் பார்க்க வருவதற்கு முன்பே அந்த அம்மா ஆ லியோங்கிடம் தனக்கென்று ஒரு பிரதி வாங்கிப் போயிருந்தார். இப்போது அம்மாவின் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுக் கொடுத்திருக்கிறார் மூத்தவர். இளையவர் தரைக்கு வழுக்காத பாய் போட்டிருக்கிறார். இரவு யார் வந்து படுப்பது என்று தினமும் இரண்டு பேரும் போனில் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. "சேர்ந்த படம் எந்த வீட்டுச் செவுத்துல தொங்குதோ அங்கதான் இருப்பேன்னு சொன்னேன்ல தம்பி? என் வீட்டுலயும்தான் தொங்குது. நான் ஏன் போகணும்?"

இரண்டு பேரை ஒரே படத்தில் உட்காரவைக்க எங்களுக்கு மரக் கேமராவும் கறுப்பு அட்டையும் அரை நாள் கடையடைப்பும் தேவைப்பட்டன, அந்த அம்மாவுக்கு ஓர் ஆணி போதுமாயிருந்தது.