கஞ்சி போட்ட விரிப்பு

கட்டிலின் மேல் குனிந்து, கன்னம் விரிப்பில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். மகள் படுக்கும் இடது பக்கத்தில் இடுப்பு அழுந்திய பள்ளம், முழங்கை ஊன்றிய இடம், விடிகாலையில் புரண்ட கோடுகள் எல்லாம் இருந்தன. மருமகனின் பக்கம் நேற்றுக் காலை அவள் விரித்தபடியே கிடந்தது. தலையணை உறையின் நான்கு மூலைகளும் விறைத்து நின்றன. உள்ளங்கையால் தடவினாள். கஞ்சி ஓர் இடத்திலும் உடையவில்லை.

ஐந்தாவது நாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து, துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அழுக்குத் துணி எடுக்க வந்தவளைப் போல வெளியே வந்தாள். ஈரத் தலையோடு எதிரே வந்த மருமகன் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான்.

"நல்லா தூங்கினீங்களா மாப்பிள்ளை?"

"நல்லா தூங்கினேன் அத்தை."

பச்சைப் பொய் என்று கூடைக்குள் சொல்லிக்கொண்டாள்.

லாண்டரியில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். இருபத்தாறு வருடமாக விரிப்புப் பிரிவில் இருக்கிறாள். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நான்கு விடுதிகளின் துணி அங்கேதான் வரும். காலையில் மூட்டைகளைப் பிரித்து, கறை பார்த்து, எந்தத் தொட்டிக்கு எது என்று ஒதுக்குவாள். மதியத்துக்கு மேல் ஈர விரிப்புகளைத் தேய்த்துக் காயவைக்கும் நீராவி உருளைக்குள் கொடுப்பாள். மறுமுனையில் நின்று வாங்கி மடிப்பவளும் அவளும் பதினைந்து வருடமாக உருளைக்கு மேலேதான் பேசிக்கொள்கிறார்கள்.

விடுதிகளுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. தூங்கிய விதம் மட்டும் தெரியும். ஆறு பேர் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். சிலர் கால்மாட்டில் தலை வைப்பார்கள். எண்ணெய்க் கறை தலைகீழாக இருக்கும். மெத்தையை வெறுத்து விரிப்பை உருவித் தரையில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுப் படுக்கும் ஜாதியும் உண்டு. சண்டையா என்றால் இல்லை, அவர்கள் பக்கத்து வழக்கம் அதுதான் என்று விடுதி மேலாளர் ஒருமுறை சொன்னார். அவள் நம்பவில்லை. எந்த ஊரானாலும் சண்டை சண்டைதான் என்றாள்.

விரிப்பு பொய் சொல்லாது என்று அவள் நம்புவதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவள் புருஷன் லாரி ஓட்டினான். அவள் இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால், படுத்து எழுந்ததுபோல அவன் பக்கம் கசங்கியிருக்கும். கையால் கசக்கியது, உடம்பால் கசங்கியது என்ற வித்தியாசம் அவனுக்குத் தெரியவில்லை. ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டான். மறுநாள் லோடு ஏற்றிப் போனவன் வரவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது.

அந்த மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பம். கண்ணாடிக் கடையில் வேலை. லிஃப்ட் மெக்கானிக்காக இந்த நாட்டுக்கு வந்தவனைக் கட்டிக்கொண்டு எட்டு மாதமாகிறது. பிரசவத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்புதான் இருவரும் இங்கே வந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே மருமகனின் பக்கம் கசங்காமல் இருப்பதை அவள் கண்டாள். சாதாரண விரிப்பு, ஏமாற்றலாம் என்று தோன்றியது. லாண்டரியிலிருந்து கஞ்சித்தூள் கொண்டுவந்தாள். இரண்டு வெள்ளை விரிப்புகளை அட்டை மாதிரி ஆகும்வரை கஞ்சியில் முக்கித் தேய்த்து, மாற்றி மாற்றி விரித்தாள்.

"என்னம்மா இது, உடம்பெல்லாம் உரசுது," என்றாள் மகள்.

"லாண்டரில புதுக் கஞ்சி வந்திருக்கு. போகப் போகச் சரியாயிடும்."

மருமகன் அப்போது வாசலில் நின்று விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உருளையின் மறுமுனையிலிருந்தவள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சோபாவில படுக்கறாரோ என்னவோ."

"சோபா என் ரூம்ல இருக்கு. என் கூடவா படுக்கறான்?"

"அது வேறயா! இந்த வயசுல உனக்கு ஆசையப் பாரு."

"வாயக் கழுவு. நான் ஒன்பது மணிக்குப் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். வெளிய போயிட்டு விடியறதுக்குள்ள வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுடேன் அக்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை."

"ஒருத்தன்கிட்ட கேட்டேன். போதும்."

மறுமுனைக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டு விரிப்பை இழுத்தாள்.

வேறு சில விஷயங்களும் சேர்ந்துகொண்டன. டீ ஊற்றி வைத்தால், அவள் தன் டம்ளரில் ஒரு வாய் குடிக்கும்வரை மருமகன் தன்னுடையதைத் தொடுவதில்லை. ஒருநாள் அவள் பார்க்காத நேரத்தில் டம்ளர்கள் இடம் மாறியிருந்தன. சாயங்காலம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு தன் பாஷையில் போனில் பேசினான். மகள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவள் துணி மடிக்கிற சாக்கில் அருகே போனால் இருவரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மகளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து மறைக்கிறாளா, மிரட்டி மறைக்க வைத்திருக்கிறானா? அன்றைக்குக் கஞ்சியை இரட்டிப்பாக்கினாள். விரிப்பு தானாக நிற்கும்போல இருந்தது.

எட்டாவது நாள் காலை பதினோரு மணிக்கு லாண்டரியில் பாய்லர் நின்றுவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கதவைத் திறந்ததும் மருமகனின் வேலை பூட்ஸ் கண்ணில் பட்டது. வேலை நேரத்தில் பூட்ஸ் வீட்டில். மகளுக்கு அன்று வார விடுமுறை, அவளையும் காணோம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். என்ன பார்க்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும்போல இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தெரியும்.

அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கட்டில் காலி. விரிப்பு இரு பக்கமும் சுத்தம். திரும்பப் போனவள் மூச்சுச் சத்தம் கேட்டு நின்றாள்.

பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மூலையில் மருமகன் உட்கார்ந்திருந்தான். முழங்கால்கள் மார்போடு சேர்ந்திருந்தன. ஒரு நீளத் துண்டு முதுகையும் முழங்கால்களையும் சுற்றி முன்னால் முடிச்சிடப்பட்டிருந்தது. தலை சுவரில். கண் ஒரு கோடு அளவுக்குத் திறந்திருந்தது. ஒளிந்துகொண்டு யாருக்கோ காத்திருக்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது.

"மாப்பிள்ளை."

அவன் துள்ளினான். துண்டு இழுத்துப் பிடித்ததில் பக்கவாட்டில் சாய்ந்து பீரோவில் இடித்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் இன்னும் சாகல அத்தை."

அவள் கையிலிருந்த செருப்பு நழுவியது. "என்ன பேச்சு இது?"

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த மகள் வாசலில் நின்றாள். காலிக் கூடையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"எங்க ஊர்ல உட்கார்ந்துதான் தூங்குவோம்," என்றான் அவன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அது இன்னும் இறுகியது. "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். செத்தவங்களைத்தான் நீட்டிப் படுக்க வைப்பாங்க. கஞ்சி போட்ட வெள்ளை விரிப்புல. ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. வீட்ல மூத்த பொம்பளைதான் அதை விரிக்கணும்." கட்டிலைப் பார்த்தான். "நீங்க தினமும் விரிச்சீங்க. காலையில வந்து தடவிப் பார்த்தீங்க. நான் பார்த்தேன். நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. இன்னைக்கு லீவ் சொல்லிட்டேன்."

அவள் மகளிடம் திரும்பினாள்.

"ஏன்டி, நீ சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? ஊர்ப்பட்டவன் தூங்கற தூக்கத்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்துல சொல்லிச் சிரிப்பே. இதச் சொன்னா மறுநாள் லாண்டரி முழுக்கச் சிரிக்கும்."

"கஞ்சி விஷயம்?"

"அம்மா அப்படிப்பட்டவ இல்லன்னு இவர்கிட்ட சண்டை போட்டேன். நேத்து அதை இரட்டிப்பாக்கினே பாரு." மகள் கூடையைக் கீழே வைத்தாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அப்போ டீ?"

மருமகன் மகளைப் பார்த்தான். "நீங்க குடிச்சப்புறம் குடிச்சேன்."

"விஷம் வைப்பேன்னா?"

"தெரியல அத்தை."

அவள் கட்டில் விளிம்பில் உட்காரப் போய், உட்காராமல் நின்றாள்.

"கட்டில்ல படுக்காதவன் வேற எங்கயோ போய்ப் படுக்கறான்னு நினைச்சேன்."

"வேற எங்க?" என்ற மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அப்பா மாதிரியா?"

அவள் குனிந்து, நழுவிய செருப்பை எடுத்தாள்.

"நாங்க ரூம் பார்த்துட்டோம்," என்றாள் மகள். "இவர் வேலை செய்யற தெருவுல. ஞாயித்துக்கிழமை போறதா இருந்தோம். அப்பா மாதிரி நாங்களும் சொல்லிக்காம போயிட்டோம்னு நீ நினைப்பே, அதனால சனிக்கிழமை சொல்லலாம்னு..."

போனில் பேசியது, வெயிலைப் பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் இதுதான் அர்த்தம். ஆனால் நன்றாகக் கோர்த்த கதையாகவும் இருக்கலாம். புருஷனும் நன்றாகக் கோர்ப்பான். அவள் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. விரலால் தேய்த்து மோந்தாள். தலை எண்ணெய். விளிம்பில் பழையது மங்கி, நடுவில் புதியது பளபளத்தது.

"உட்காருங்க," என்றாள்.

"என்னது?"

"தூங்கறப்ப எப்படி உட்காருவீங்களோ அப்படி."

அவன் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். கறை தலைக்குப் பின்னால் முழுக்க மறைந்தது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பக்கவாட்டிலிருந்தும் பார்த்தாள்.

"மூணு வாரத்துக் கறைதான்," என்றாள்.

குனிந்து துண்டின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விரிப்பை உருவினாள். அது முறுகிய சத்தம் அறையில் கேட்டது.

மறுநாள் பாய்லர் சரியாகியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு விரிப்புகள் உருளையில் போயின. மறுமுனைக்காரி, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவள், "ஒண்ணும் ஆகல," என்றாள். தலையணை உறை ஒன்று கிழிந்திருந்தது. தனியே எடுத்து வைத்தாள். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து இரண்டு வெள்ளை விரிப்புகளையும் மூன்று தண்ணீரில் அலசினாள். மூன்றாவது தண்ணீரும் கலங்கலாக இருந்தது; நான்காவதில் அலசினாள். கட்டிலுக்கு நீலப் பூப்போட்ட பழைய விரிப்பைப் போட்டாள். ஒரு தலையணையை மூலையில் வைத்தாள். மருமகன் ஆறு இருபதுக்கு வந்தான். மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள். அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் அதன் பிறகு குடித்தான். மகள், தாங்கள் வாடகைக்குப் பார்த்திருந்த அறையின் சொந்தக்காரருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாள்.