பெயர் எழுதாத மனு

நீதிமன்ற வாசலில் நான் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்த காலம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெல்லித்தோப்பிலிருந்து மில் தொழிலாளி ஒருவர் வந்தார். சாயப் பிரிவில் வேலை, நகமெல்லாம் நீலம். கறை பட்டுவிடும் என்று காகிதத்தைத் தோள்துண்டின் முனையால்தான் பிடித்தார்.

அவருடைய தம்பியைக் காவல் நிலையத்தில் இரண்டு நாள் வைத்து அடித்திருந்தார்கள். அதற்காக இது மூன்றாவது மனு.

"யாருக்குன்னு போடறது?" என்றேன்.

"மொதல்ல பெரிய அதிகாரிக்குப் போட்டேன். விசாரிக்கச் சொல்லி அந்த ஸ்டேஷனுக்கே அனுப்பிட்டாரு. அவருக்கு மேல இருக்கறவருக்குப் போட்டேன், அதுவும் அங்கயே வந்துச்சு. அடிச்சவரே வூட்டுக்கு வந்து, யாரு அடிச்சதுன்னு விசாரிக்கறாரு ஐயா. இவங்க யாருக்கும் கட்டுப்படாத ஆபீஸ் ஒண்ணு இருக்கும்ல, அதுக்குப் போடுங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. தெரிந்த அலுவலகங்களை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். "அப்படி ஒண்ணு நம்ம தேசத்துலயே இல்லையே" என்றேன்.

"அப்ப பேரு போடற எடத்த சும்மா வுடுங்க."

"பேர் இல்லாத மனுவை எவன் வாங்குவான்?"

அந்த இடத்தை விட்டு நான் அடித்துக் கொடுத்த மனுவில் அவர் கைநாட்டு வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறோம்ல? ஆளு அப்புறம்தான வருது. அந்த ஆபீஸ் வந்ததும் பேரு அடிச்சு அனுப்பிடுங்க."

மனுவை என்னிடமே விட்டுப் போனார். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அவர் ஏமாளியா, விவரமானவரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தில் வேறு யார் பெயரையும் அடிக்க எனக்குக் கை வரவில்லை.