முடி மறுபடி வளர்ந்தபோது

சலூன்காரருக்குக் கை நடுங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தெருவே சிரித்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர் குறட்டை விட்டாலும், தும்மினாலும், அரசியல் பேசித் தலையைத் தலையை ஆட்டினாலும், அவர் கத்தி கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, ஒரு சொட்டு ரத்தம் வராது. கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றதில் அவர் மனைவியின் தம்பி வேலை செய்தான். இவர் அவனை மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர்கள் எல்லோருக்குமே அவன் மச்சானாகிவிட்டான்.

அப்படிப்பட்ட கை ஒரு நாள் காலையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் காதோரம் கீறிவிட்டது. "கொசு கடிச்ச மாதிரிதான், விடுங்க" என்று அவர் பெரிய மனது பண்ணிச் சொன்னார். ஆனால் அடுத்த முறை நேராக மச்சானின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் அங்கே மாறினார்கள். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துண்டுகளை மடித்துக்கொண்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் நின்றார்.

நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியில் இருக்கும் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார்.

"எனக்கு என்ன பைத்தியமா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

"பைத்தியமா இருந்தா கட்டிக்கிட்டு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் மனைவி, படுத்தபடியே. "சும்மா போய்ட்டு வாங்க."

அவளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்ற ஆரம்பித்து இரண்டாம் மாதம். பிள்ளைகள் இல்லாத வீடு. பேச்சும் சண்டையும் சிரிப்பும் இவர்கள் இருவருக்குள்தான். அவள் சொல்லை அவர் தட்டியதில்லை.

உளவியலாளரின் அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. சின்ன வயதுப் பெண். அவர் விரல் நுனிகளில் கிளிப் போன்ற எதையோ மாட்டினாள். மேசை மேலிருந்த திரையில் கோடுகள் ஓடின. ஒன்று இதயத் துடிப்பு, இன்னொன்று விரலின் வியர்வை.

"இது பொய் கண்டுபிடிக்கிற மிஷினா மேடம்?"

"இல்ல சார். உங்க உடம்பு என்ன பண்ணுதுன்னு உங்களுக்கே காட்டும். அவ்வளவுதான்."

அவள் முதலில் கடையைப் பற்றிக் கேட்டாள். அவர் கத்தியைத் தீட்டும் விதம், பழைய வாடிக்கைக்காரர்கள், மச்சானின் சோம்பேறித்தனம் என்று பேசிக்கொண்டே போனார். கோடுகள் சாவகாசமாக ஓடின. பிறகு, "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்றாள். அவர் வாயைத் திறக்கும் முன்னே கோடுகள் எகிறிக் குதித்தன. இருவரும் திரையைப் பார்த்தார்கள். அவருக்கு வேட்டி அவிழ்ந்ததுபோல வெட்கமாகிவிட்டது.

"கை மொதல்ல நடுங்கின அன்னைக்கு முந்தின நாள் வீட்டுல ஏதாவது நடந்ததா சார்?"

நடந்தது. தலையணையில் கொத்துக் கொத்தாய்க் கிடந்த முடியை மனைவி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கொட்டறதப் பொறுக்கிப் பொறுக்கிக் கை வலிக்குது. மொத்தமா வழிச்சு விட்டிருங்க. வீட்டுலயே ஆளை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றாள். அவர் நாளைக்கு என்றார். மறுநாள்தான் தபால்காரரின் காது.

"அவங்க தலையில கத்திய வெக்கணும்னு நெனச்சப்போ மனசுக்குள்ள என்ன ஓடுச்சு?"

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நான் எடுத்துட்டேன்னா... அவ நோயாளின்னு ஆயிடும் மேடம்."

"நீங்க எடுக்காம இருக்கறதால நோய் குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்போ எடுக்கறதால கூடுமா?"

அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைத் திருகினார். பதில் தெரிந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து வாரா வாரம் போனார். மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விட்டால் திரையில் கோடு இறங்குவதைக் கண்ணால் பார்த்தார். 'கை நடுங்கினால் எல்லாம் போச்சு' என்று மனம் சொல்லும்போதெல்லாம், உண்மையிலேயே என்ன போச்சு என்று அதைத் திருப்பிக் கேட்கப் பழகினார். வீட்டில் செய்யவும் வேலை கொடுத்தாள் மேடம். முதலில் பிளேடு இல்லாமல் கத்தியைப் பிடிக்க வேண்டும். பிறகு ஊதிய பலூனில் நுரை தடவி வழிக்க வேண்டும். தொழில் பழகிய காலத்தில் அவர் செய்ததுதான் அது. முதல் பலூன் டமால் என்று வெடித்து, நுரை அவர் மீசையிலும் மனைவியின் போர்வையிலும் தெறித்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, பாவம், அது யாரு பெத்த தலையோ!" நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் மேடத்தின் அறையிலேயே தன் கன்னத்தை வழித்துக்கொண்டார். கை கல் மாதிரி நின்றது. வீட்டுக்குப் போனதும் அவளை உட்கார வைத்து எடுத்துவிடுவது என்று பேருந்திலேயே முடிவு செய்துகொண்டார்.

கதவைத் திறந்தால், மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மச்சான், கண் சிவந்து, தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பிய வரச் சொல்லிட்டேன்" என்றாள். "அரிப்புத் தாங்கலங்க. உங்க கை சரியாகற வரைக்கும் இது காத்திருக்குமா? வழிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் அழுத அழுகை இருக்கே, எனக்குத் தலைக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம்."

துண்டை எடுத்துக் காட்டினாள். ஒரு கீறல் இல்லாமல் சுத்தமாக எடுத்திருந்தான். சலூன்காரர் தொட்டுப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கான்" என்றார். கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் நின்று அழுதார்.

கடையில் பழைய முகங்கள் ஒவ்வொன்றாய் அவர் நாற்காலிக்குத் திரும்பின. தபால்காரரும் வந்தார். அந்தச் சமயத்தில்தான் மனைவியைப் பார்த்துவந்த பெரிய டாக்டர் கூப்பிட்டு, மருந்து இனிக் கேட்காது, நிறுத்திவிடலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மருந்தை நிறுத்தியதும் முடி வளர ஆரம்பித்தது. பூனைக்குட்டியின் ரோமம்போல, மெத்தென்று, கொஞ்சம் நரையும் கொஞ்சம் சுருளுமாக வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "அட, முடி வந்திருச்சே! இனி என்ன, எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான்!" என்றார்கள். அவள் சிரித்து ஆமாம் போட்டாள். முடி எதனால் வளர்கிறது என்பது இவர்கள் இருவருக்கும், மச்சானுக்கும்தான் தெரியும்.

அந்த வாரம் மேடத்திடம், "அவ போயிடுவாங்கற நெனப்பு வந்துகிட்டே இருக்கு. அதையும் திருப்பிக் கேக்கணுமா?" என்றார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அது தப்பான நெனப்பு இல்ல சார். அதை என்னால மாத்த முடியாது. அதுக்குப் பின்னால இன்னொரு நெனப்பு வருதா?"

"இப்ப இருக்கறவகூட ஒக்காரவே முடியல. எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போயிடறேன்."

"அதுக்கு ஏதாவது செய்யலாம்" என்றாள்.

அவர் உட்காரப் பழகினார். மூச்சை எண்ணாமல், மனைவியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மதியம் அவள், "காதோரம் குத்துதுங்க. கொஞ்சம் ஒழுங்கு பண்ணுங்க. நீங்கதான் பண்ணணும்" என்றாள். ஜன்னலோரம் தலையணையை அண்டக் கொடுத்து உட்கார வைத்தார். சின்னக் கத்தரியால் காதோரமும் பிடரியிலும் திருத்தினார். கை நடுங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குத்தான் உங்க கடை நாற்காலியில ஆளுங்க எல்லாம் தூங்கிடறாங்களா?" என்றாள்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால் அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு முறை மேடத்தைப் பார்க்கப் போனார். "கை நடுங்கவே இல்ல மேடம். அவளத் தூக்கினப்போகூட. நடுங்கியிருக்கணும் இல்லயா? என்ன மனுஷன் நான்?" மேடம் மிஷினைத் தொடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "அவங்களப் பத்திச் சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லச் சொல்ல, வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார்.

கடையை மறுபடி திறந்த அன்று யாரும் வருவதற்கு முன்னால், மச்சான் பல நாள் தாடியோடு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் ஒன்றும் கேட்காமல் நுரை போட்டார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வந்தபோது மச்சானின் முகம் கோணியது. தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் அழுது ஓயும் வரை நின்றார். பிறகு காய்ந்துபோன நுரையைத் துடைத்துவிட்டு, புதிதாகத் தடவ ஆரம்பித்தார்.