அப்பாவின் கண்ணுக்குப் பூக் கேட்டோம்

தொண்ணூறுகளின் நடுவில், நான் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தபோது நடந்தது இது. அப்பாவும் அம்மாவும் கோவைக்கு வடக்கே துடியலூரில் இருந்தார்கள். அப்பா பம்ப் செட் கம்பெனியில் லேத் என்கிற கடைசல் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் சின்ன வயதில், லேத்திலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு ஒன்று அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துத்தான் அவர் அதன்பிறகு வேலை பார்த்தார், என்னைப் படிக்க வைத்தார். இப்போது அந்தக் கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

வீட்டுக்கு ஒரே பெண் நான். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்குப் பேசினால், அந்த வீட்டு அக்கா போய் அம்மாவைக் கூட்டி வருவார். அந்தச் சில நிமிடங்களுக்காக நான் வாரம் முழுக்கக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். எந்த ஆஸ்பத்திரி, சர்க்கரை பார்த்தாச்சா, ரத்தக் கொதிப்பு பார்த்தாச்சா, கூட யார் தங்குவது, சொட்டு மருந்து யார் போடுவது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். தேதி மட்டும் அடிபடவில்லை.

முதலில் ஆடி மாதம் என்றார்கள். அப்புறம் மழை. அதற்கப்புறம் ஒரம்பரையில், நெருங்கிய சொந்தத்தில், ஒரு கல்யாணம், ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு எப்படி உட்காருவது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா, "ஆகட்டுங் கண்ணு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அப்பா வந்தால் இன்னும் மோசம். "எனக்கென்ன அம்மணி, ஜம்முனு இருக்கறேன். நீ நல்லாச் சாப்பிடு" என்று இரண்டே வாக்கியத்தில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

"ஒண்ணும் ஆகாதுங்கப்பா, சின்ன ஆபரேஷன்தான்" என்று நான் கத்துவதற்குள் லைன் போய்விடும்.

அலுவலகத்தில் என் வேலை, மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதித்துத் தவறு கண்டுபிடிப்பது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மனதில் மேட்டுப்பாளையம் ரோடு ஓடிக்கொண்டிருக்கும். லாரிகளுக்கு நடுவே அப்பா இந்நேரம் ரோட்டைத் தாண்டுவாரா? பஸ் சத்தத்தை வைத்துத் தாண்டுவாரா? லிப்டுக்காக நிற்கும் நேரத்தில்கூடக் கால் ஒரு இடத்தில் நிற்காது. பொறுக்க முடியாமல் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன்.

வந்த அன்றே தெரிந்துவிட்டது. அம்மா கொடுத்த டீயை அப்பா ஆற்றினார். பாதி டம்ளருக்குள் விழுந்தது, பாதி வேட்டியில் விழுந்தது. "இந்த டம்ளர் வாய் சின்னது" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அவர் பார்த்த இடம் என் தோளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலையே அம்மாவைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு தடவ பூக் கேட்டேன் அம்மணி. ரெண்டு தடவையும் செவப்பு. மாகாளியாத்தா வேண்டாங்கறா. இருக்கறது ஒரே கண்ணு. நான் என்னத்தச் செய்யட்டும்?"

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்பது உண்டு. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அது வாடிய மாலைகளோடு கூடைக்குப் போய்விடும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட ஆச்சரியம், அப்பா இதற்குக் கட்டுப்பட்டதுதான். அவர் யூனியன் ஆள். அம்மா கோயிலுக்குள் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிறவர். அவரிடமே கேட்டேன்.

"எனக்கா நம்பிக்கை?" என்று சிரித்தார். "உங்கம்மா மனசு ஒப்பாம நான் போய்ப் படுத்தா, அவ அங்க அழுதுட்டு நிப்பா. அதெதுக்கு?"

ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வைத்திருந்தேன். லீவோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், இன்னொரு தடவை பூக் கேட்பது, என்ன வந்தாலும் அதோடு முடிவு என்று ஒப்பந்தமானது.

பொட்டலம் கட்டியது அப்பா. முன்பும் அவர்தான் கட்டினாராம். "உங்கப்பா கட்டினா ரெண்டும் அச்சுல வார்த்தாப்ல இருக்கும். எது எதுன்னு கட்டினவருக்கே தெரியாது" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். கண் மங்கினாலும் விரல் மங்கவில்லை. பூவரச இலையில் பூவை வைத்து, மடித்து, வாழைநாரால் இறுக்கி இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார். "சாமிக்குப் பார்சல் ரெடி. சீக்கிரம் டெலிவரி பண்ணிப்போட்டு வாங்க" என்று கிண்டல் வேறு.

நானும் அம்மாவும் மட்டும் கோயிலுக்குப் போனோம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். செவ்வரளி.

அம்மா அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். பூசாரி மற்றொரு பொட்டலத்தைக் கூடையில் போட்டுவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியை மட்டும் சோதித்துவிட்டு முடிவு எழுதுவது என் வேலையில் கிடையாது. குனிந்து பொட்டலத்தை எடுத்து, சாமிக்குச் சாத்திய சேலைகளும் மாலைகளும் தொங்கிய மூலைக்குப் போய்ப் பிரித்தேன்.

அதுவும் செவ்வரளி.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், நிறம் தெரியாமல் இரண்டிலும் சிவப்பையே வைத்துவிட்டார், ஆபரேஷன் தேவை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லி இரண்டு பேரையும் சிரிக்க வைக்கவேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அப்பா இல்லை. துவைக்கிற கல்லின் மேல் அவர் சட்டை கிடந்தது. அலசுவதற்காக எடுத்தபோது பையில் ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. கையை விட்டேன். நந்தியாவட்டைப் பூக்கள். வெள்ளை வெளேரென்று, கசங்கிக் கிடந்தன.

தெரியாமல் வைக்கவில்லை. தெரிந்துதான் வெள்ளையை எடுத்து ஒளித்திருக்கிறார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பா பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் இருப்பார் என்று தெரியும். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உள்ளங்கையில் அந்தப் பூக்களை வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

"உங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டியா?"

"இல்லீங்கப்பா."

பூக்களை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"அந்தக் கண்ணு போனப்போ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரு ஒண்ணும் ஆகாதுன்னாரு. மேஸ்திரி ஒண்ணும் ஆகாதுன்னாரு. உங்கம்மா உன்ன இடுப்புல வெச்சுட்டு ஒண்ணும் ஆகாதுன்னா. கட்டுப் பிரிச்சப்போ ஒண்ணுமே தெரியல. இப்ப நீ சிங்கப்பூர்ல இருந்து ஒண்ணும் ஆகாதுங்கற. மங்கலோ கிங்கலோ, இருக்கற வெளிச்சத்த வெச்சுட்டு ஓட்டிப்போடறேனே அம்மணி. பயமா இருக்குதுன்னு உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அவ அதுக்குமேல பயந்துக்குவா."

என்னிடம் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வாங்கியிருந்தேன். இந்த ஒன்றை நான் கேட்கவே இல்லை என்பது அந்த பெஞ்சில்தான் உறைத்தது. ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்து, அதே பழைய வாக்கியம் வந்துவிடும்போல இருந்ததால் மூடிக்கொண்டேன். "ஆபரேஷன் வேண்டாங்கப்பா. டாக்டரை ஒருதரம் பார்த்து, உங்களுக்குத் தோணினதைக் கேளுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செரி" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. வெளியே அத்தனை கூட்டம் இருந்தும் அப்பா பேசும்வரை காத்திருந்தார்.

"கெட்டுப்போனா என்னங்க பண்றது?" என்றார் அப்பா.

"கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்குதுங்க. ரொம்பக் கம்மி. ஆனா இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "ஒத்தக் கண்ணுக்காரங்களுக்குப் பண்ணும்போது எனக்கும் பயம் இருக்கும். அதனால ரெண்டு மடங்கு பாத்துப் பண்ணுவேன். பண்ணாம விட்டா, அது போறது நிச்சயங்க."

அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, உள்ளே வைக்கிற லென்ஸைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டுவதற்கென்று வைத்திருந்த ஒன்றை டாக்டர் அவர் விரல்நுனியில் வைத்தார். மீன் செதிலைவிடச் சின்னது.

"இத எப்படிங்க செய்யறாங்க?"

"இதுமாதிரி நிறைய லேத்துலதாங்க கடையறாங்க."

அப்பா அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "பினிஷிங் நல்லாத்தான் இருக்குது" என்றார். வெளியே வந்ததும், "இந்த டாக்டரம்மா பொய் பேசல. போடச் சொல்லு தேதிய" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவரே சொன்னார். மூன்று தடவை சிவப்பு வந்த காரியத்துக்கு அம்மா எப்படி ஒப்புவார்? நான்காவது தடவை கேட்கச் சொன்னால் என்ன செய்வது?

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பயமில்லீங்களா?"

"பயமாத்தான் இருக்குது."

"அதத்தான் ஆத்தா சொல்லியிருக்கறா. உங்களுக்கு மனசில்லாம வேண்டாம்னு. இப்பத்தான் நீங்களே வாரேன்னுட்டீங்களே, அப்புறம் என்னத்தப் பூக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டார். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

இந்த இழுபறியில் லீவு தீர்ந்திருந்தது. கிடைத்த தேதி, நான் சிங்கப்பூருக்குக் கிளம்பவேண்டிய அதே நாள். காலையில் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள்தான் கட்டுப் பிரிப்பார்கள். எனக்கோ அன்று சாயங்காலமே சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம். மற்றவர்களுக்கு ஒரு கண்ணைக் கட்டினால் இன்னொரு கண் இருக்கும். அப்பா முழு இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாரேனுங்கப்பா."

"போயிட்டு வா கண்ணு. பாக்காமயே டாட்டா காட்டறேன்" என்று கையை ஆட்டினார், ஜன்னலைப் பார்த்து. நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன்.

ரயிலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மறுநாள் சென்னையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர் வீட்டுக்குப் பேசினேன். "கட்டுப் பிரிச்சாச்சாம் அம்மணி, நல்லாத் தெரியுதாம், நீ நிம்மதியாப் போ" என்றார் அக்கா. நல்ல மனுஷி. ஆனால் விமானம் ஏறப்போகிறவளிடம் யார் வேறு மாதிரி சொல்வார்கள்? சிங்கப்பூர் வந்து பேசினேன். அம்மாவும் "நல்லாருக்குது கண்ணு" என்றார். அதையும் என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை மாதமாக எல்லாமே நல்லாத்தானே இருந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தவர் அப்பாவே. நலம்கூட விசாரிக்கவில்லை.

"அம்மணி, போன வருஷம் நம்ம கேட்டுக்குக் கீல் மாட்டினேனே, எத்தனை கோணலா இருக்குது தெரியுமா? ஒரு விரல் அகலம் எறங்கி நிக்குது. தெருவே பாத்திருக்கும். ஒருத்தராவது சொன்னீங்களா?"

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதானுங்க."

"வருத்தப்படுவேன்னு கோணலாவே உட்டுப்போடறதா?" என்று அவர் திட்டத் திட்ட, நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதேன்.

இன்று வேறொரு ஊரில் இருந்துகொண்டு யாருக்காவது சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய நேர்ந்தால், தேதி கேட்பதற்கு முன்னால் எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்கிறேன். மறுமுனையில் பதில் வருவதற்கு முன் இருக்கும் அந்த மௌனத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லையே என்ற தவிப்பு மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.